களைத்த ஒளியும் நீண்ட நாள்களும்

நண்பர்களே,

ஹைட்ரஜன் வாயு ஒளிரும்போது அதன் நிறமாலையில் 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு விழும். ஆய்வகத்தில் எத்தனை முறை பார்த்தாலும் அதே இடம்தான். தொலைதூர விண்மீன் திரளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கோடு இன்னும் நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளிக் கிடக்கிறது. இதுதான் செம்பெயர்ச்சி. இதை யாரும் மறுக்கவில்லை. ஏன் தள்ளிப்போனது என்பதில்தான் வழக்கு.

விண்வெளியே விரிவதால் அதில் பயணிக்கும் ஒளி அலையும் நீள்கிறது என்று ஜார்ஜ் லெமெய்த்ர் 1927-இல் சொன்னார். தொலைவு கூடக்கூட இந்த நகர்வும் கூடுவதை 1929-இல் எட்வின் ஹப்பிள் காட்டினார். அதே ஆண்டு ஃபிரிட்ஸ் சுவிக்கி வேறொன்று கேட்டார்: நெடும்பயணத்தில் ஒளியே ஆற்றலை இழந்து களைத்துவிடுகிறதோ? நல்ல கேள்வி. கோடு நகர்ந்திருப்பதை மட்டும் வைத்து இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது.

வழக்கைத் தீர்க்க ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது. 1ஏ வகை சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறும் ஒருவகை விண்மீன்கள், ஏறத்தாழ ஒரே கணக்கில் ஒளி ஏறி இறங்குபவை. சுமார் 20 நாளில் உச்சம், பிறகு வாரக்கணக்கில் மங்கும். வெளி விரிகிறது என்றால், முதல் நாள் கிளம்பிய ஒளிக்கும் இருபதாம் நாள் கிளம்பிய ஒளிக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் வழியில் நீண்டாக வேண்டும். வெடிப்பே நமக்கு மெதுவாக நடப்பதுபோல் தெரிய வேண்டும். ஒளி வெறுமனே களைத்தால் நிறம் மாறும், நாள் கணக்கு மாறாது.

1995கே என்ற சூப்பர்நோவாவின் செம்பெயர்ச்சி 0.479, அதாவது அதன் ஒளி அலை 1.479 மடங்காக நீண்டிருந்தது. அது ஏறி இறங்க எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! அலை எவ்வளவு நீண்டதோ, நாளும் அவ்வளவு நீண்டிருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது. பின்னர் நூற்றுக்கணக்கான சூப்பர்நோவாக்கள் இதே சாட்சியைச் சொல்லின. போதாததற்கு, வழியில் துகள்களோடு மோதித்தான் ஒளி களைக்கிறது என்றால் திசையும் சிதறி, தொலைவிலுள்ள திரள்கள் கலங்கித் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை.

செம்பெயர்ச்சியை வேறு வழியில் சந்தேகித்த வானியலாளர் ஹால்டன் ஆர்ப்பையும் சொல்லியாக வேண்டும். என்ஜிசி 4319 திரளும், அதைவிடப் பன்மடங்கு செம்பெயர்ச்சி கொண்ட மார்க்கேரியன் 205 என்ற குவேசாரும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் திரள் மையம்) பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. இரண்டும் ஒட்டியே இருப்பவை, ஆகவே செம்பெயர்ச்சியை வைத்துத் தொலைவைக் கணக்கிடக் கூடாது என்று வாதாடினார். ஒரு கட்டத்தில் அவருக்குத் தொலைநோக்கி நேரமே மறுக்கப்பட்டது. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அவர் கைகாட்டிய இடத்தையே பின்னாளில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது. குவேசாரின் ஒளியில் அந்தத் திரளின் வாயு ஒளியை உறிஞ்சிப் பதித்த கருங்கோடுகள் இருந்தன. ஒளி திரளை ஊடுருவி வந்திருக்கிறது. குவேசார் இருப்பது அதற்குப் பின்னால்.