புதுக்கடை வாங்கில் ஒரு பிள்ளை

வணக்கம் நேயர்களே. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய சட்டத்தரணி நான். விவாகரத்துக்காக என்னிடம் வருகிற தம்பதிகள் பலர் கேட்பது ஒன்றுதான்: "பேசி முடிவெடுத்துவிட்டோம். இருவரும் கையெழுத்து வைத்தால் சரிதானே?"

சரிவராது. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்குச் சம்மதம் ஒரு காரணமே அல்ல. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றைத்தான் ஏற்கிறது: திருமணத்துக்குப் பிந்திய சோரம் என்ற பிறரோடான தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணந்த வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஆகவே மனமொத்துப் பிரிகிற இருவரில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். கண்டிச் சிங்களவரின் வழமைச் சட்டமான கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கோ 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சம்மதத்தோடு பிரிய வழி இருக்கிறது. நமக்கு ஏன் இல்லை என்று நான் கேட்காத மேடை இல்லை. இன்றும் கேட்கிறேன்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு நாள் வழக்குக்காக வெளியே காத்திருந்தேன். வாங்கின் ஒரு முனையில் தாய், மறு முனையில் தந்தை, நடுவில் வெள்ளைச் சீருடையோடு ஒன்பது வயதுப் பையன். தாய் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தந்தை கடையில் மாலுபான் என்ற மீன் பணிஸ் வாங்கி வந்தார். பையன் இடியப்பத்தில் சரிபாதி சாப்பிட்டுப் பெட்டியை மூடினான். பிறகு மாலுபானைப் பிய்த்து, பாதியைத் தின்று, மீதியைக் கடதாசியில் சுற்றி வைத்தான். "பசிக்கவில்லையா, ராசா?" என்று கேட்டேன். "பசிக்கிறது அன்ரி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றான்.

குற்றச்சாட்டு வழக்கேட்டில் மட்டும் இருப்பதில்லை, நேயர்களே. அது வீட்டிலும் பேசப்படுகிறது, தொலைபேசியில் மாமியிடம் சொல்லப்படுகிறது, பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறது. யாரிடம் பிள்ளை வளர்வது என்பதில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. தாயும் தந்தையும் அதை வழக்குப் போடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். "அப்பாவிடம் பணம் கேட்டாயா?" என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அனுப்பாதீர்கள்.

பராமரிப்புப் பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் நேரே விண்ணப்பிக்கலாம். விவாகரத்து வழக்கு முடியும்வரை, ஏன், தொடங்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பதினெட்டு வயதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். தன்னைத் தாபரிக்க இயலாத பிள்ளை இருபத்தைந்து வயதுவரை கேட்கலாம்.

நிலையத்தார் கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சொத்தைப் பற்றிப் பாதி நேரம் பேச நினைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பொதுச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட வட மாகாணக் குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தாலும் தேசவழமை கூடவே வரும். திருமண காலத்தில் தேடிய சொத்தான தேடியதேட்டம் என்ற கணக்கும் வரும், மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், சகோதரிகளே, மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி பெறலாம். காணி உறுதியையும் விவாகச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். சீதன உறுதி வேறாக இருந்தால் அதையும் மறக்காமல் எடுங்கள். வணக்கம்.