ஏசுறதுக்கு முன்னாடி லிங்க்கை எடுங்க

தாய்மாரே, அண்ணாச்சிமாரே, படிக்கிற பிள்ளைகளே,

நம்ம வீட்டுப் பிள்ளை படத்தை எவனோ இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டான்னு தெரிஞ்சதும் அண்ணன்காரன் போனைப் போட்டு ஏசுவான். போட்டவன் உடனே படத்தை அழிச்சிட்டுக் கணக்கையும் மூடிருவான். ஆதாரமும் அத்தோட போச்சு. ஏசுறதெல்லாம் பிறகு வச்சிக்கலாம்.

முதல்ல பதிவோட மூணு புள்ளியைத் தொட்டு லிங்க்கை எடுங்க. போட்டவனோட புரொஃபைல் லிங்க் தனியா வேணும். ஸ்கிரீன்ஷாட்டுல பேரும் தேதியும் தெரியணும், ஓரத்தை வெட்டாதீங்க. பூட்டின கணக்குன்னா லிங்க் மத்தவங்களுக்குத் திறக்காது. அதனால அவன் புரொஃபைல்ல ஆரம்பிச்சு படம் வரைக்கும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் பண்ணிக்கோங்க. வாட்ஸ்அப் குரூப்னா வெளியேறுறதுக்கு முன்னாடி அனுப்பின நம்பர், குரூப் பேர், அட்மின் நம்பரை எடுத்துக்கோங்க. சாட்டை அழிக்காதீங்க, போனை ரீசெட் பண்ணாதீங்க. போன்ல உள்ள ஆதாரத்தைக் கோர்ட்டுல காட்ட பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேணும்; அதுக்கு அந்தப் போன் விவரம் வேணும். "இதைப் பாருங்க மதினி"ன்னு படத்தைச் சொந்தக்காரங்களுக்குத் தள்ளிவிடுறது கூடவே கூடாது.

அடுத்து, எந்த மாதிரிப் படம்? கல்யாண வீட்டுல எடுத்த சாதாரணப் படம்னா புகார் கொடுத்து எடுக்க வைக்கலாம், சிவில் கோர்ட்டுல தடை கேட்கலாம். படம் போட்டதுக்காக மட்டும் வழக்கு நிக்கிறது கஷ்டம். உங்க பேருல போலிக் கணக்கு, மிரட்டல், பின்தொடர்ந்து தொல்லைன்னா கதை வேற. அந்தரங்கப் படம்னா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ: 3 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஆணோ பெண்ணோ இதைக் கேட்கலாம். பாலியல் செயல் உள்ள படம்னா 67-ஏ. முதல் தடவையே 5 வருஷம் வரை. பெண்களுக்குப் புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ல 77-ஆம் பிரிவு இருக்கு. "அவளே சம்மதிச்சுதான் எடுத்தது"ங்கிற வாதம் அங்க எடுபடாது: எடுக்கக் கொடுத்த சம்மதம் பரப்பக் கொடுத்த சம்மதம் ஆகாதுன்னு அந்தப் பிரிவோட விளக்கமே சொல்லுது. 18 வயசுக்குள்ள பிள்ளைன்னா 67-பி, அதோட குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற போக்சோ சட்டம்.

புகாரை ரெண்டு பக்கமும் கொடுங்க. தளத்தோட குறைதீர் அலுவலருக்கு ஒண்ணு. அந்தரங்கப் படம், மார்பிங் பண்ணின (முகத்தை மாத்தி ஒட்டின) படத்தை 24 மணி நேரத்துல எடுக்கணும்னு 2021 ஐ.டி. விதி வந்தப்ப சொன்னாங்க; 2026 பிப்ரவரியில அதை 2 மணி நேரமாக் குறைச்சிட்டாங்க. அந்தரங்கப் படம் பரவாமத் தடுக்க ஸ்டாப்-என்சிஐஐன்னு ஒரு தளம் இருக்கு; அதுல படத்தை ஏத்த வேண்டாம். உங்க போன்லயே படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு அடையாளக் குறியீடு (ஹாஷ்) உருவாகும், அது மட்டும்தான் போகும். 18 வயசானவங்களுக்குத்தான் அது.

இன்னொண்ணு போலீஸுக்கு. நம்ம திருநெல்வேலியில பாளையங்கோட்டை, மேலப்பாளையம்னா மாநகரக் காவல். அம்பாசமுத்திரம், வள்ளியூர்னா மாவட்டக் காவல். 2019-க்குப் பிறகு சங்கரன்கோவில் தென்காசி மாவட்டம். "எங்க எல்லை இல்ல"ன்னு சொன்னா, குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-படி எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமப் பதியுற எஃப்.ஐ.ஆர்.) போடணும்னு சொல்லுங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆனா அது எந்த நிலையில இருக்குன்னு பின்தொடர முடியாது. பேரோட கொடுக்கிறதே மேல். மிரட்டிக் காசு வாங்கிட்டானா, அடுத்த நிமிஷமே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க.

ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கினதுக்கான ரசீது) இல்லாம எழுந்திரிக்காதீங்க. எஃப்.ஐ.ஆர். மறுத்தா எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபால்; அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க: பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, போன் நம்பர் 15100. ஆறப்போடாதீங்க, நீக்கின பதிவைத் தளம் விசாரணைக்காக வச்சிருக்க வேண்டிய காலம் 180 நாள்தான்.