எழுதுவதற்கென்று ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாவல் எழுத ஆசைப்பட்டு முதல் அத்தியாயத்தோடு நின்றுபோனவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நோட்டு அலமாரியில் இருக்கும், கதை மனசில் இருக்கும், வருஷம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். அது உண்மைதான். தேடினால் தினமும் அரைமணி நேரம் கிடைத்துவிடும். யாரும் கூப்பிடாத ஒரு முழு நாள்தான் கிடைப்பதில்லை. நாவலுக்கு அந்த முழு நாள் தேவைப்படுகிறது.

கசுவோ இஷிகுரோவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாகசாகியில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், 2017-இல் நோபல் பரிசு பெற்ற அதே எழுத்தாளர்தான். 1987-இல் அவருக்கு 32 வயது. வேலையை விட்டு முழுநேர எழுத்தாளராகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது நாவலுக்கு நல்ல பெயர் கிடைத்த கையோடு விருந்துகள், வெளிநாட்டு அழைப்புகள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள் என்று வந்துகொண்டிருந்தன. அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை முந்தைய கோடையிலேயே எழுதிவிட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்தும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கவனியுங்கள், அவருக்கு அலுவலகம் கிடையாது. நாள் முழுவதும் அவருடையதுதான். ஆனாலும் எழுத்து நகரவில்லை.

அவரும் அவர் மனைவி லோர்னாவும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். நான்கு வாரம். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம். கடிதம் எதையும் பார்க்கக்கூடாது, போன் பக்கம் போகக்கூடாது, வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. ஞாயிறு விடுமுறை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'க்ராஷ்'. லோர்னாவுக்கும் சொந்த வேலைகள் ஏகப்பட்டது இருந்தன. இருந்தும் அந்த நான்கு வாரமும் சமையலிலும் வீட்டு வேலையிலும் கணவரின் பங்கையும் சேர்த்து அவரே பார்த்துக்கொண்டார்.

தெற்கு லண்டனில் சிடனம் என்ற பகுதியில் வீடு. எழுதும் அறை என்று பெயர்தானே தவிர, மாடிப்படி திரும்பும் இடத்தில் இருந்த, கதவுகூட இல்லாத பெரிய அலமாரி மாதிரியான இடம் அது. முதல் இரண்டு நாவல்களையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதியவர் என்பதால், சாயங்காலம் ஆனதும் தாள்களை எடுத்து வைக்க வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். உரிந்த சுவரெங்கும் குறிப்புகளை ஒட்டிவைத்தார். கையால் எழுதினார். காலையில் எழுதியதை மத்தியானம் எழுதியது மறுத்தாலும் கவலைப்படவில்லை. மோசமான வாக்கியம், சகிக்க முடியாத வசனம், எங்கேயும் போய்ச் சேராத காட்சி எல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு மேலே போனார்.

மூன்றாம் நாளே லோர்னாவுக்கு, இவர் நடந்துகொள்வது ஒரு தினுசாக இருக்கிறதே என்று பட்டிருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனபோது, தெரு சரிவாக இருப்பதையும் ஜனங்கள் மூச்சு வாங்க ஏறுவதையும் பார்த்து ஓயாமல் சிரித்துக்கொண்டே இருந்தாராம். இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறதே என்று மனைவி பயந்தார். அவரோ, முதல் வாரம் பிரமாதமாகப் போயிருக்கிறது என்றார். கதைக்குள் இருக்கிறவருக்கு வெளியுலகம் வேடிக்கையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த நிலையைத் தினமும் அரைமணி எழுதி எட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்கு வாரம் முடிந்தபோது ஏறக்குறைய முழு நாவலும் தாளில் இருந்தது. 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989-இல் புக்கர் பரிசு வாங்கியது. இந்த விவரமெல்லாம் 2014-இல் அவரே எழுதியது.

இதைக் கேட்டதும் நான்கு வாரத்தில் நாவலா என்று மலைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தப் பிரதியைச் செம்மைப்படுத்தப் பிறகு நிறைய நாட்கள் தேவைப்பட்டன. இன்னொன்று, அதற்கு முன்னால் நடந்தது. கதை நாயகன் ஒரு பட்லர், அதாவது பெரிய மாளிகையின் தலைமைப் பணியாளர். அதற்காக, பெரிய மாளிகைகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றியும், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான அரசியலைப் பற்றியும் ஏராளமாகப் படித்திருந்தார். பக்கத்துப் புத்தகக் கடையின் பழைய புத்தக அடுக்கில், 1930-களிலும் 50-களிலும் வந்த இங்கிலாந்துக் கிராமப்புற வழிகாட்டி நூல்களைத் தேடித்தேடி வாங்கியிருந்தார். மாவு ராத்திரியே புளித்திருந்தது, காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியது மட்டும்தான் அந்த நான்கு வாரம்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' நாவல் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள், 26 நாளில் முடித்தார் என்று. முடித்தது நிஜம். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் சன்மானம் இல்லாமலே பதிப்பாளர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதவில்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருகிறோம் என்றார்கள். அடுத்தவர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அப்புறம்தான் சுருக்கெழுத்துப் படித்த அன்னா என்ற 20 வயதுப் பெண் வந்தார். பகலில் தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்ல அன்னா எழுதிக்கொள்வார், வீட்டுக்குப் போய் விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார். இதுவரை எத்தனை பக்கம் ஆயிற்று என்று தஸ்தயேவ்ஸ்கி கேட்டுக்கொண்டே இருப்பாராம். பக்கம் ஏற ஏற அவருக்கு நம்பிக்கை வந்தது என்று அன்னா நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரதியை ஒப்படைக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அது வேறு கதை.

ஆனால் வெளிநாட்டில் சூதாடித் திரியும் ஒரு ரஷ்யனின் கதையை எழுதப்போவதாக தஸ்தயேவ்ஸ்கி 1863-லேயே நண்பருக்குக் கடிதம் போட்டிருந்தார். ஆக, மூன்று வருஷமாக மனசில் கிடந்த கதைதான் அந்த 26 நாளில் வெளியே வந்தது.

நமக்கு நான்கு வாரம் யார் தரப்போகிறார்கள்? மாதம் ஒரு ஞாயிறு, முடிந்தால் இரண்டு. அதைத்தான் கேட்கச் சொல்கிறேன். அதற்கு முந்தைய நாட்களில், பஸ்ஸிலோ ரயிலிலோ, யார் என்ன செய்கிறார்கள், அடுத்த காட்சி எங்கே நடக்கிறது என்பதை மட்டும் யோசித்து நாலு வரி குறித்து வைத்துக்கொண்டால் போதும். கதைக்கு வேண்டிய தகவலையும் அப்போதே படித்து வையுங்கள். எழுதும் நாளில் தேட உட்கார்ந்தால் நாள் போய்விடும். காட்சியின் நடுவில், 1970-களில் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு ரயிலைக் கிளப்பிவிடுங்கள். பத்தாம் பக்கத்தில் செண்பகமாக இருந்தவள் முப்பதாம் பக்கத்தில் செல்வியாகிவிட்டாலும் திரும்பிப் போகாதீர்கள். ஓரத்தில் குறித்துவிட்டு, இனி செல்வி என்றே எழுதுங்கள்.

திரும்பிப் படிப்பதுதான் பெரிய தடை. காலையில் எழுதியதை மத்தியானம் படித்தால் திருத்தத் தோன்றும். திருத்த ஆரம்பித்தால் முதல் அத்தியாயம் மெருகேறும், இரண்டாவது வராது. மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு ஓர் அலுப்பு வரும், எழுதியதெல்லாம் குப்பை என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். எழுந்து முகம் கழுவிவிட்டு, கதையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி எதுவோ, அது கடைசி அத்தியாயத்தில் வருவதாக இருந்தாலும் சரி, அதை எழுதுங்கள். ராத்திரி முடிக்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்று நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். அடுத்த ஞாயிறு அந்த நாலு வரியிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவில் 1999-இல் சிலர் சேர்ந்து ஆரம்பித்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதி முடிப்பது, அதாவது தினம் 1,667 சொல். எண்ணிக்கை சிலருக்குத் தெம்பு கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை வீட்டு வேலைகளுக்கு நடுவே தினமும் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் பத்து நாளில் களைத்துவிடுகிறார்கள். எனக்குப் பட்டது, கணக்கைவிட காலியான நாள் முக்கியம்.

அந்த நாளைக் காலிசெய்து கொடுப்பது இன்னொருவர். இஷிகுரோவுக்கு லோர்னா இருந்தார். நம் வீடுகளில் எழுதும் ஆண்களுக்கு அந்த நாள் கேட்காமலேயே கிடைத்துவிடுகிறது. அப்பா எழுதுகிறார், சத்தம் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. எழுதும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். ஒரு பத்தி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போகிறார்கள். நல்ல நாவல்கள் பல அந்த நாலு தடவையில் தொலைந்துபோயிருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எழுதுகிறவர்களைவிட, அவர்கள் வீட்டில் இருப்பவர்களிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியோ, அக்காவோ, மருமகளோ ஒரு நோட்டில் எதையோ எழுதி மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களாக வந்து கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். எந்த ஞாயிறு வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அன்றைக்கு மூன்று வேளைச் சமையலும், வாசலில் மணியடித்தால் போய்ப் பார்ப்பதும், அவர்கள் செல்போனுக்குப் பதில் சொல்வதும் உங்கள் பொறுப்பு. என்ன எழுதினாய், காட்டு என்று மட்டும் சாயங்காலம் கேட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.