ஏப்ரல் 4இல் வந்த எச்சரிக்கை: நாடுகள் தகவலைப் பகிர்ந்த பிறகு என்ன நடக்கிறது?

[காட்சி: கொழும்பு, கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தின் முகப்பு]

வணக்கம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்கு இந்தியாவிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. காத்தான்குடியைச் சேர்ந்த தீவிரவாதப் போதகர் சஹ்ரான் ஹாஷிமும் கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள், கத்தோலிக்கத் தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயமும் இலக்காகலாம் என்பதுதான் அதன் சாரம். ஆளின் பெயர், தாக்கும் முறை, எந்த மாதிரி இடம் என எல்லாமே அதில் இருந்தன. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம்.

17 நாட்கள் கழித்து, உயிர்த்த ஞாயிறு காலையில், நீங்கள் இப்போது பார்க்கும் இந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் வெடித்தது. 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள்.

[காட்சி: திகதிகள் ஒவ்வொன்றாகத் திரையில்]

அந்த 17 நாட்களில் அந்தத் தகவல் எங்கே போனது? ஏப்ரல் 9இல் தேசிய புலனாய்வுப் பிரதானி பொலிஸ் மா அதிபருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அதை எழுத்தில் அறிவித்தார். பிரமுகர்களுக்கு, கவனியுங்கள். பூசைக்குப் போகும் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. 16ஆம் திகதி காத்தான்குடிப் பக்கம் சஹ்ரானின் ஆட்கள் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்க வைத்து ஒத்திகையே பார்த்தார்கள். 20ஆம் திகதி இந்தியாவிடமிருந்து மறுபடியும் எச்சரிக்கை. அப்போதும் எதுவும் அசையவில்லை.

ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையில் 2018 ஒக்டோபரில் வெடித்த அதிகாரச் சண்டைக்குப் பிறகு, பிரதமரைப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கவில்லை. டில்லியிலிருந்து கொழும்புக்குக் கடல் தாண்டி வந்து சேர்ந்த தகவல், கொழும்புக்குள்ளே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் பொறுப்பை இங்கேதான் வைத்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றும், உயர் அதிகாரிகள் நால்வரும் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டது வெளிநாடு இல்லை. காத்தான்குடி முஸ்லிம்கள்தான் அவரைப் பற்றி ஏற்கெனவே முறையிட்டிருந்தார்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்காத அரசு, தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சமூகம் முழுவதையுமே சந்தேகத்தோடு பார்த்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

[காட்சி: உலக வரைபடம், நாடுகளை இணைக்கும் கோடுகள்]

சரி, இந்தக் கூட்டுறவு எப்படி வேலை செய்கிறது? மிகப் பழையதும் நெருக்கமானதும் 1946 ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்த 'ஐந்து கண்கள்': அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. மற்றபடி பெரும்பாலும் இரண்டு நாடுகளுக்கிடையில் நேரடியாகவே பரிமாற்றம் நடக்கும். அதில் ஒரு கண்டிப்பான வழக்கம்: தந்த நாட்டின் அனுமதி இல்லாமல் மூன்றாவது நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் வழக்கமாகச் சொல்ல மாட்டார்கள். மூலத்தைக் காப்பாற்ற இது தேவைதான். ஆனால் வாங்குகிறவர் அதை எவ்வளவு நம்பலாம் என்று தானே எடைபோட வேண்டும்.

குண்டுகள் வெடித்த பிறகு நாடுகள் வேகமாக இறங்கின. இன்டர்போல் குழு வந்தது, அமெரிக்காவின் எஃப்பிஐ வந்தது. இறந்தவர்களில் 5 அமெரிக்கர்களும் இருந்ததால், 2021 ஜனவரியில் அமெரிக்கா மூன்று இலங்கையர்மீது குற்றச்சாட்டுப் பதிந்தது.

தகவல் போவதிலும் ஆபத்து இருக்கிறது. மாஹெர் அரார் ஒரு கனேடியப் பிரஜை. கனேடியப் பொலிஸ் அமெரிக்காவுக்கு அவரைப் பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. 2002இல் நியூயோர்க்கில் பிடித்து சிரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வருடத்துக்குக் கிட்ட சிறை, சித்திரவதை. 2007இல் கனடா மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 லட்சம் டொலர் கொடுத்தது. இலங்கையில் 1979இல் தற்காலிகமாக வந்து பிறகு நிரந்தரமாகிப்போன பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடி அலைந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, ஒரு பெயர் பிழையான பட்டியலில் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

[காட்சி: காலிமுகத் திடல், கடல்]

இப்போது கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்ற அமைப்பு இருக்கிறது. 2011இல் இந்தியா, இலங்கை, மாலைதீவு மூன்றும் கடல் பாதுகாப்புக்காகத் தொடங்கி, இடையில் நின்று, 2020இல் மீண்டது. பிறகு மொரீஷியஸும் பங்களாதேஷும் சேர்ந்தன. செயலகத்தைக் கொழும்பில் அமைக்க 2024 ஓகஸ்டில் கையெழுத்திட்டார்கள். பயங்கரவாதத் தடுப்பு அதன் ஐந்து வேலைகளில் ஒன்று. அந்தச் செயலகத்துக்கு இனி ஓர் எச்சரிக்கை வந்தால், எத்தனை மணி நேரத்துக்குள் அது தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? இதை உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.