சமாதானம் வராத இரவு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பெரிய முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் பயம் வந்தால் கடவுளை எப்படி நம்புவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஊழியம் செய்கிறவள் இல்லை. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆனால் இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் வாழ்ந்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது எனக்கு வயது 44. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அளந்து குடிப்பான். மாற்று சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அதனால் கொடுக்க முடியாது. அவன் மனைவியின் ரத்த வகை பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது நான். தம்பி வாய் திறந்து கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுப்பதற்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பெரிய காரியத்தில் இறங்கும்போது, "மனசுல சமாதானம் இருக்கா?" என்று கேட்பார்கள். சமாதானம் இருந்தால் அது கர்த்தருடைய சித்தம், இல்லையென்றால் இல்லை. அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் எனக்குச் சமாதானம் வரவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். என் இரண்டு பிள்ளைகளும் பாயில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பத்து வருடம் கழித்து என்னுடைய மற்ற சிறுநீரகமும் கெட்டுவிட்டால்? அப்புறம் அதைவிடப் பெரிய பயம் ஒன்று: நான் மாட்டேன் என்று சொல்லி, தம்பி போய்விட்டால்?

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஆறுதலான வசனம் வரும். மறுநாள் வம்சவரலாறு வரும். நான்கு நாள் அப்படிச் செய்துவிட்டு நிறுத்தினேன். கடவுளிடம் பேசுவதற்குப் பதில் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறேன் என்று எனக்கே உறைத்தது. இன்றைக்கும் அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பாவமாக இருக்கிறது. அவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பரிசோதனைகளுக்காக வேலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தோம். வேலூரில் இருந்துகொண்டு, அங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டரை நினைக்காமல் இருக்க முடியாது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மருத்துவ மிஷனரிக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் நடந்த அந்த ராத்திரிக் கதையை நானே வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண். ஒரே ராத்திரியில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்துக் குடும்பத்தவர். மூவருடைய மனைவியும் பிரசவத்தில் தவிக்கிறார்கள். அப்பா மருத்துவர், அவரை அனுப்புகிறேன் என்கிறார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்கிறார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது, உடனே அவர் டாக்டராகப் போகிறேன் என்று முடிவெடுத்தார் என்று சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்த லாட்ஜ் அறையில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், நான் வேகமாகத் தாண்டிப்போன இடம் எது என்று தெரிந்தது. அந்த ராத்திரியில் அவர் தூங்கவே இல்லை. இந்தியாவில் வாழ்க்கையைக் கழிக்க அவருக்கு விருப்பமில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்த் தன் தோழிகளோடு இருக்கத்தான் ஆசைப்பட்டார். அவரே பிற்காலத்தில் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ராத்திரி முழுக்க வேதனையும் ஜெபமுமாக இருந்திருக்கிறார். சமாதானம் வந்து, அப்புறம் முடிவு எடுக்கவில்லை. மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்போதே முடிவு எடுத்தார்.

அதற்குப் பிறகும் வழி ஒன்றும் சுலபமாகிவிடவில்லை. படித்துப் பட்டம் வாங்க 1899 ஆகிவிட்டது. 1900 தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்கிறார். அப்பாவின் பக்கத்தில் இருந்து தொழில் கற்கலாம் என்று வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அந்த அப்பா இறந்துபோகிறார். ஒரே ஒரு படுக்கையோடு தொடங்குகிறார். 1902-இல் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த ராத்திரியில் இதில் ஒன்றையாவது கடவுள் அவருக்குக் காட்டியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. செத்துப்போன மூன்று பெண்களை மட்டும்தான் காட்டினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பரிசோதனைகள் எல்லாம் பொருந்திய பிறகு ஒரு நாள் மருத்துவர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். என் கணவர் இல்லை, தம்பி இல்லை, யாரும் இல்லை. "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இப்போது சொல்லுங்கள் அம்மா. மருத்துவக் காரணங்களால் முடியாது என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவோம். நீங்கள் மறுத்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அன்று ராத்திரி வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் கதையை வாசித்தேன். விரல் வைத்துப் பார்த்து அல்ல, வேண்டுமென்றே எடுத்து. எதிரிகளோடு போர் செய்யக் கடவுள் அழைத்த கிதியோன் பயந்த சுபாவம். ராத்திரி தரையில் போட்டுவைக்கும் ஆட்டுத் தோல் பனியில் நனைந்து, தரை காய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு அடையாளம் கேட்கிறான். மறுநாள், தோல் காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும் என்கிறான். கடவுள் கோபிக்காமல் இரண்டையும் கொடுக்கிறார். படையில் 32,000 பேர். பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிக்கச் சொல்கிறார். 22,000 பேர் போய்விடுகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. மருத்துவர் எனக்குத் திறந்துவைத்த கதவும் அப்படிப்பட்டதுதான். நான் அதன் வழியே வெளியே போயிருந்தாலும் கடவுள் என்னைத் தள்ளியிருக்க மாட்டார். அது தெரிந்த பிறகுதான் என்னால் சுதந்திரமாக யோசிக்க முடிந்தது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஏழாம் அதிகாரத்தில் ஒரு சின்ன இடம். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதை யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. படை 300 பேராகக் குறைந்தாயிற்று. அடையாளங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. அந்த ராத்திரி கடவுள் கிதியோனிடம், எதிரியின் பாளயத்துக்கு இறங்கிப் போ என்கிறார். கூடவே, போகப் பயமாக இருந்தால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு போ என்கிறார். பயப்படாதே என்று அதட்டவில்லை. துணைக்கு ஓர் ஆளைச் சொல்கிறார். கிதியோன் என்ன செய்தான்? பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போனான்.

ஐடா ஸ்கட்டரும் படித்துவிட்டுத் தனியாக வரவில்லை. ஆனி ஹான்காக் என்ற தோழி கூட வந்தார்.

எனக்கும் ஓர் ஆள் கிடைத்தார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் காரியத்துக்கு வீட்டில் அதிகமாக எதிர்ப்புச் சொன்னவர் அவர்தான். "உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, மறந்துடாதே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். மறுநாள் காலை நான் அவருக்குப் போன் செய்தேன். "அண்ணி, கொடுக்கலாம்னு இருக்கேன். ஆனா ரொம்ப பயமா இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எந்த பஸ்ல வரணும்?" என்று கேட்டார்.

வந்தவர் என்னோடு இருந்து, நான் கேட்க மறந்த கேள்விகளை எல்லாம் மருத்துவரிடம் கேட்டார். இருக்கிற ஒரு சிறுநீரகம் எப்படித் தாங்கும், எத்தனை மாதம் குடம் தூக்கக் கூடாது, வருடத்துக்கு எத்தனை தடவை பரிசோதனைக்கு வர வேண்டும். கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணி நோட்டில் எழுதி வைத்துக் கேட்டார்.

எங்கள் பக்கத்து அறையில் ஓர் அம்மா இருந்தார், மகனுக்குக் கொடுத்தவர். அந்தச் சிறுநீரகத்தை மகனுடைய உடம்பு ஏற்கவில்லை. அந்த அம்மாவின் ஜெபம் என்னுடையதைவிடக் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் தினமும் மகனுக்குத் தலைவாரிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை ஸ்ட்ரெச்சர் வந்தது. பயம் போயிருந்ததா என்று கேட்டால், இல்லை. கால் சில்லென்று இருந்தது. ஜெபம் செய்யக்கூட வார்த்தை வரவில்லை, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். தியேட்டர் வாசலில், இதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். அண்ணி என் கையை விட்டுவிட்டு, போர்வையை இழுத்து என் பாதத்தை மூடினார்.

சாயங்காலம் நான் கண் விழித்தபோது, அதே இடத்தில் நின்றவர்போல அண்ணி நின்றுகொண்டிருந்தார். "தம்பிக்கு மூத்திரம் வந்துடுச்சு" என்றார்.

வணக்கம்.