லியூக்ட்ராவில் நின்ற எழுநூறு பேர்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்பார்ட்டா என்ற பெயரைச் சொன்னாலே நமக்குத் தெர்மோப்பிலே கணவாயும் முந்நூறு வீரர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அது கி.மு. 480. அங்கே ஸ்பார்ட்டா தோற்றது, ஆனால் தோல்வியிலேயே பெரிய பெயரைச் சம்பாதித்துக்கொண்டது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு 109 ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு தோல்வி. இதில் அந்த மாதிரிப் பெயரெல்லாம் கிடைக்கவில்லை. இருந்த பெயரும் போனது, நாடும் பாதியாகச் சுருங்கியது.

இடம் லியூக்ட்ரா. நடு கிரேக்கத்தில், பியோஷியா பகுதியில், ஒரு சமவெளி. கி.மு. 371 கோடைக்காலம். எதிரில் நின்ற ஊர் தீப்ஸ்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 404இல் ஏதென்ஸை மண்டியிட வைத்த பிறகு கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவைத் தட்டிக்கேட்க ஆளில்லை. 382இல், அமைதிக் காலத்திலேயே, ஸ்பார்ட்டாவின் தளபதி ஒருவன் தீப்ஸ் நகரின் கோட்டையைப் பிடித்துக்கொண்டான். பெண்கள் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, குளிர்கால இரவொன்றில், நாடுகடத்தப்பட்ட தீப்ஸ்காரர்கள் சிலர் ஊருக்குள் நுழைந்து, பெண் வேடத்தில் விருந்துக்குப் போய், ஸ்பார்ட்டாவின் கையாட்களைக் கொன்று ஊரை மீட்டார்கள். அவர்களில் ஒருவர் பெலோபிடாஸ். அவருடைய உயிர் நண்பர்தான் எபமினோண்டாஸ். பணமில்லாதவர், தத்துவம் படித்தவர், அதிகம் பேசாதவர்.

அதற்குப் பிறகு ஸ்பார்ட்டா மீண்டும் மீண்டும் படையெடுத்து வந்தது. அரசர் அகெசிலாஸுக்குத் தீப்ஸ் மேல் அப்படி ஒரு கோபம். ஒருமுறை அவர் காயம்பட்டுத் திரும்பியபோது, அண்டால்கிடாஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் அவரைப் பார்த்து, "சண்டை போடத் தெரியாமல் இருந்தவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள், நல்ல கட்டணம் தந்திருக்கிறார்கள்" என்ற பொருளில் சொன்னாராம். பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் இந்த அண்டால்கிடாஸ்தான். வரப்போவதை முன்கூட்டியே, அதுவும் அரசன் முகத்துக்கு நேரே சொன்னவர்.

371இல் ஸ்பார்ட்டாவில் சமாதான மாநாடு. பியோஷியா முழுவதற்கும் சேர்த்துத் தீப்ஸ்தான் கையெழுத்திடும் என்று எபமினோண்டாஸ் பிடிவாதமாக நின்றார். அகெசிலாஸ் தீப்ஸின் பெயரையே ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிட்டார். இருபதே நாளில் போர்.

சரி, போருக்கு வருவோம். அதற்கு முன்னால் அன்றைய கிரேக்கர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது புரியாவிட்டால் எபமினோண்டாஸ் செய்ததன் அருமை தெரியாது.

ஒவ்வொரு வீரனிடமும் ஏறக்குறைய மூன்றடி அகலத்தில் ஒரு வட்டக் கேடயம். இடக்கையில் மாட்டியிருப்பான். வலக்கையில் நீண்ட ஈட்டி. கேடயம் இடப்பக்கத்தை மறைக்கும், வலப்பக்கம் திறந்துகிடக்கும். அந்தத் திறந்த பக்கத்துக்குக் காப்பு, வலப்பக்கம் நிற்கும் கூட்டாளியின் கேடயம். அதனால் என்ன ஆகும்? படை முன்னேற முன்னேற, ஒவ்வொருவனும் தன்னையறியாமல் வலப்பக்கத்துக்காரனின் கேடயத்தை ஒட்டிப் போவான். முழு அணியும் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகரும். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அணியின் வலக் கோடியில் நிற்பவன் தன் வெற்று விலாவை எதிரிக்குக் காட்ட விரும்பாமல் ஒதுங்குகிறான், மற்றவர்கள் அதே பயத்தில் அவன் பின்னால் போகிறார்கள் என்கிறார். பயம்தான் அணிவகுப்பின் வடிவத்தையே தீர்மானித்தது.

இதனால் வலப்பக்கம் கௌரவமான இடம் ஆயிற்று. சிறந்த படையை அங்கே நிறுத்துவார்கள். இரண்டு தரப்பும் அப்படியே செய்வதால், என் வலப்பக்கம் உன் இடப்பக்கத்தை நொறுக்கும், உன் வலப்பக்கம் என் இடப்பக்கத்தை நொறுக்கும். பல போர்களில் இதுதான் நடந்தது. ஸ்பார்ட்டா மட்டும் இந்த விளையாட்டை ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தது. வலப்பக்கம் வென்றதும் மற்ற ஊர்க்காரர்கள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் ஓடமாட்டார்கள். அப்படியே திரும்பி, எதிரி அணியைப் பக்கவாட்டில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். 394இல் நெமியா போரில் இப்படித்தான் வென்றார்கள். சிறு வயதிலிருந்து பயிற்சி பெற்றவர்களால் மட்டும் முடிகிற காரியம் அது.

இப்போது லியூக்ட்ரா. ஸ்பார்ட்டாவின் தலைமையில் வந்த படை சுமார் 10,000 காலாள் என்பது பொதுவான மதிப்பீடு. தீப்ஸ் தரப்பு ஆறாயிரம், ஏழாயிரம். ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பாலோர் நேச நாட்டுக்காரர்கள். ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்கள், அதாவது நாம் கேள்விப்பட்ட அந்த அசல் ஸ்பார்ட்டா வீரர்கள், எத்தனை பேர் தெரியுமா? சுமார் எழுநூறு. ஸ்பார்ட்டாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள் உண்டு. அகெசிலாஸ் ஒருவர், மற்றவர் கிளியோம்புரோட்டஸ். அந்த எழுநூறு பேரும் அரசர் கிளியோம்புரோட்டஸுடன் வலப்பக்கம் நின்றார்கள். பன்னிரண்டு வரிசை ஆழம்.

எபமினோண்டாஸ் தன் சிறந்த படையைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். அந்த எழுநூறு பேருக்கு நேர் எதிரே. பன்னிரண்டு வரிசைக்கு எதிராக ஐம்பது வரிசை. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் செனஃபோன் 'ஐம்பது கேடயங்களுக்குக் குறையாத ஆழம்' என்று எழுதுகிறார். ஆழமாக அணிவகுப்பது தீப்ஸ்காரர்களுக்குப் பழைய பழக்கம்தான். 424இல் டீலியம் போரிலேயே இருபத்தைந்து வரிசை நிறுத்தியவர்கள். பக்கத்தை மாற்றியதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐம்பது வரிசை நிறுத்தினால் அணியின் நீளம் குறையுமே, மற்ற பக்கம் ஆள் போதாதே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அவர் வைத்திருந்த விடை, வலப்பக்கம் சண்டையே போட வேண்டாம் என்பது. பலவீனமான பகுதியைப் பின்தங்கிச் சாய்வாக வரச் சொன்னார், நெருங்கினால் பின்வாங்கச் சொன்னார். ஸ்பார்ட்டாவின் நேச நாட்டுப் படை ஆயிரக்கணக்கில் எதிரே நின்றும் கிட்டத்தட்ட வேலையில்லாமல் நின்றது. கட்டாயத்தின் பேரில் வந்த கூட்டாளிகள், தலைவன் அடிவாங்கினால் உயிரைக் கொடுத்துச் சண்டைபோடப் போவதில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட போர்த்தந்திரக் கதைகளில் ஒன்று உண்டு. எபமினோண்டாஸ் ஒரு பாம்பைப் பிடித்து, வீரர்கள் முன்னால் அதன் தலையை நசுக்கிக் காட்டினாராம். தலை போனால் மிச்ச உடம்பால் என்ன பயன் என்று கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, திட்டம் அதுதான்.

முதலில் மோதியது குதிரைப்படை. ஸ்பார்ட்டாவின் குதிரைப்படை அந்தக் காலத்தில் படுமோசம். இதைச் சொல்பவர் ஸ்பார்ட்டாவின் ஆதரவாளரான செனஃபோனே. குதிரையைப் பணக்காரன் வளர்ப்பான், போர் அறிவிப்பு வந்த பிறகு வேறொருவன் வந்து, கொடுத்த குதிரையையும் கொடுத்த ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புவான். உடல்வலுவும் ஆர்வமும் குறைந்தவர்களைத்தான் குதிரையில் ஏற்றினார்கள். தீப்ஸ் குதிரைவீரர்களோ அக்கம்பக்கத்து ஊர்களோடு ஓயாமல் சண்டைபோட்டுத் தேறியவர்கள். சிறிது நேரத்தில் ஸ்பார்ட்டாவின் குதிரைகள் சிதறித் திரும்பி, தங்கள் காலாட்படைக்குள்ளேயே வந்து விழுந்தன.

அதே நேரத்தில் கிளியோம்புரோட்டஸ் வலப்பக்கத்தை நீட்டி எதிரியைச் சுற்றிவளைக்கப் பார்த்தார் என்கிறார் புளூட்டார்க். அணி நகர்ந்துகொண்டிருக்கிறது, இடைவெளி இன்னும் அடைபடவில்லை. அந்த நொடியில் பெலோபிடாஸ் 'புனிதப் படை'யோடு ஓடிவந்து மோதினார். முந்நூறு பேர், ஊர்ச் செலவில் வைத்துப் பயிற்சி கொடுத்த நிரந்தரப் படை. நான்கு ஆண்டுகளுக்கு முன் டெகிரா என்ற இடத்தில் தங்களைவிட அதிக எண்ணிக்கையிலான ஸ்பார்ட்டாப் படையை ஏற்கெனவே விரட்டியவர்கள். ஸ்பார்ட்டாக்காரன் என்றால் அவர்களுக்குப் பயமில்லை. இதை நான் ஐம்பது வரிசைக்குச் சமமாகவே வைப்பேன். பாடப்புத்தக வரைபடத்தில் அம்புக்குறி போடுவது எளிது. ஸ்பார்ட்டாவின் வலப்பக்கத்தை நோக்கி ஓடுவதற்கு, அவர்களைத் தோற்கடித்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்பார்ட்டா வீரர்கள் உடனே உடைந்துவிடவில்லை. அரசர் விழுந்தார், அவரை உயிரோடு தூக்கிவர முடிந்தது என்றால், அதுவரை முன்வரிசை தாக்குப்பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். செனஃபோனின் வாதமும் அதுதான். பிறகு முக்கியமான தலைவர்கள் ஒவ்வொருவராக விழ, பின்னாலிருந்து ஐம்பது வரிசையின் அழுத்தம் வர, அணி பின்வாங்கியது. "இன்னும் ஒரே ஒரு அடி கொடுங்கள், வென்றுவிடுவோம்" என்று எபமினோண்டாஸ் கத்தினார் என்று அதே கதைத் தொகுப்பு சொல்கிறது.

ஸ்பார்ட்டா தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம். எழுநூறு குடிமக்களில் நானூறு பேர் போய்விட்டார்கள், காயம்பட்ட அரசரும் போய்விட்டார். பிணங்களை எடுக்க அனுமதி கேட்பது அன்றைய வழக்கப்படி தோல்வியை ஒப்புக்கொள்வது. அனுமதி கேட்டார்கள். நேச நாட்டுக்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம் எபமினோண்டாஸ். ஸ்பார்ட்டா தன் இழப்பை மறைக்கும் ஊர். மற்றவர்கள் எடுத்துமுடித்த பிறகு மிச்சம் கிடப்பது யார் என்று ஊரே பார்க்கட்டும் என்ற கணக்கு. கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் எதிரியை எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தார் பாருங்கள்.

பெரிய நாடு, நானூறு பேர் போனால் என்ன என்று தோன்றும். அங்கேதான் ஸ்பார்ட்டாவின் ரகசியம் இருக்கிறது. 480இல் ஸ்பார்ட்டாவில் எட்டாயிரம் ஆண்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். லியூக்ட்ரா காலத்தில் முழுக் குடிமக்கள் ஆயிரத்துச் சொச்சம் இருந்திருந்தால் அதிகம். பொது உணவுக்கூடத்துக்கு மாதாமாதம் தானியமும் பிறவும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் குடியுரிமையை இழப்பான். நிலமோ வாரிசு வழியாகவும் சீதனம் வழியாகவும் சில குடும்பங்களிடம் சேர்ந்துகொண்டே போயிற்று. நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் அதைக் குறையாகச் சொல்கிறார். எனக்கு அந்த வருத்தம் இல்லை, ஆனால் குடிமக்கள் எண்ணிக்கை தேய்ந்தது உண்மை. ஒரே அடியைக்கூட ஸ்பார்ட்டாவால் தாங்க முடியவில்லை, ஆள் பஞ்சத்தால் அழிந்தது என்று அவரே அதே பகுதியில் சொல்கிறார்.

செய்தி ஊருக்கு வந்தபோது திருவிழாவின் கடைசி நாள், பாடற்குழு அரங்கில் இருக்கிறது. அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. இறந்தவர் பெயர்களை வீடுவீடாகச் சொல்லியனுப்பி, பெண்கள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மறுநாள் மகனைப் பறிகொடுத்தவர்கள் தெருவில் தெளிந்த முகத்தோடு நடந்தார்களாம். மகன் உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டவர்கள் தலைகுனிந்து போனார்களாம். புறமுதுகு காட்டியவனுக்கு அங்கே குடியுரிமை கிடையாது, பெண் கொடுக்கமாட்டார்கள். ஆனால் இந்த முறை தப்பிவந்தவர்கள் முந்நூறு பேர்! அத்தனை பேரையும் தள்ளிவைத்தால் ஊரில் யார் மிச்சம்? அகெசிலாஸ், சட்டம் இன்று ஒருநாள் தூங்கட்டும், நாளை முதல் விழித்துக்கொள்ளட்டும் என்றார். களத்தில் உடைந்ததைவிட இது பெரிய உடைசல் என்பது என் எண்ணம்.

போரோடு எபமினோண்டாஸ் நின்றிருந்தால் ஸ்பார்ட்டா ஒருவேளை எழுந்திருக்கும். 370-69 குளிர்காலத்தில் பெரும் கூட்டணியோடு ஸ்பார்ட்டாவின் சொந்த மண்ணான லக்கோனியாவுக்குள்ளேயே இறங்கினார். ஸ்பார்ட்டாவுக்கு மதில் கிடையாது, எங்கள் வீரர்கள்தான் மதில் என்று பெருமை பேசிய ஊர். எதிரி மூட்டிய நெருப்பின் புகையை அந்த ஊர்ப் பெண்கள் பார்த்தது அதுவே முதல் தடவை. நகரைப் பிடிக்க முடியவில்லை, வெள்ளம் பெருகிய யூரோட்டாஸ் ஆறும் அகெசிலாஸின் காவலும் தடுத்தன. எபமினோண்டாஸ் அதற்காக அதிகம் கவலைப்படவும் இல்லை. மேற்கே திரும்பி மெசீனியாவுக்குப் போனார்.

மெசீனியாவின் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு உழுது கொட்டிய ஹெலட்டுகள், மண்ணோடு கட்டப்பட்ட அடிமைகள். இவர்கள் உழுததால்தான் ஸ்பார்ட்டாக்காரன் ஈட்டியைத் தவிர வேறெதையும் தொடாமல் வாழ முடிந்தது. அவர்களை விடுவித்து, மெசீனி என்ற புதிய நகரத்தையே 369இல் எழுப்பிக் கொடுத்தார். அதன் கல்மதில் இன்றும் பெரும்பகுதி நிற்கிறது. நிலம் போனது, உழைப்பு போனது. இனி எட்டாயிரம் பேரை எங்கிருந்து வளர்ப்பது?

பேச்சு முடிந்தபின் ஒரு நண்பர், "அப்படியானால் தீப்ஸ் ஏன் நிலைக்கவில்லை?" என்று கேட்டார். இரண்டு ஆட்களை நம்பிய வல்லரசு அது. பெலோபிடாஸ் 364இல் இறந்தார், எபமினோண்டாஸ் 362இல் மாண்டினியா போரில், அதே மாதிரி இடப்பக்கத் தாக்குதலை வெற்றியாக்கிய நேரத்தில் விழுந்தார். இதற்கிடையே மாசிடோனியாவிலிருந்து பிணையாக வந்த ஓர் இளவரசன் தீப்ஸில் சில ஆண்டுகள் தங்கிப் படித்துவிட்டுப் போயிருந்தான். இரண்டாம் பிலிப், அலெக்சாண்டரின் அப்பா. 338இல் கைரோனியா போரில் புனிதப் படையை அழித்தவன் அவன்தான்.

ஸ்பார்ட்டாவின் கதையையும் கேட்டார்கள். மாண்டினியாவுக்குப் பிறகு எல்லா ஊர்களும் சமாதானத்துக்கு வந்தபோது ஸ்பார்ட்டா மட்டும் சேரவில்லை, மெசீனியாவை ஒரு நாடாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதை மீட்கக் கூலிப்படை வேண்டும், கூலிப்படைக்குப் பணம் வேண்டும். எண்பது வயதைக் கடந்த அகெசிலாஸ் எகிப்துக்குப் போய், அங்கே அரியணைச் சண்டையில் வாடகைக்குப் படை நடத்தினார். 230 டேலண்ட் (பழைய கிரேக்க எடை அளவு) வெள்ளி கிடைத்தது. திரும்பும் வழியில் லிபியக் கரையில் இறந்துபோனார். மெசீனியா ஸ்பார்ட்டாவுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.