ஏழடி மதில் கட்டியும் நாய் ஒழுங்கையில் நிற்கிறதா? இதைப் பாருங்கள்

(திரையில்: உயரமான மதில், மேலே உடைந்த போத்தல் துண்டுகள், பூட்டிய கேற். வெளியே வாலாட்டிக்கொண்டு ஒரு நாய்.)

ஏழடி மதில், மேலே போத்தல் துண்டு, கேற்றுக்குப் பூட்டு. இவ்வளவும் இருந்தும் நாய் விடியற்காலையில் ஒழுங்கையில் நிற்கிறது! எப்படிப் போனது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம். அதைவிட முக்கியமாக, நாய்க்கு ஒரு கீறல்கூட விழாமல் வளவுக்குள் எப்படி வைத்திருப்பது என்றும் பார்ப்போம்.

முதல் வேலை செலவில்லாதது. நாய் எந்த வழியால் போகிறது என்று கவனியுங்கள். வேலியடியைத் தோண்டியா, மேலால் ஏறியா, கேற் திறக்கும்போது காலுக்குள்ளால் புகுந்தா? தோண்டிப் போகிற நாய்க்கு நீங்கள் மதிலை இன்னும் இரண்டு வரி கல் உயர்த்தினால் காசுதான் போகும்.

ஏன் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடுவன் என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருக்கும், கருத்தடை செய்தால் நிறையக் கடுவன்களுக்கு இந்த அலைச்சல் குறையும், கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். மற்றது சலிப்பு. நாள் முழுக்க வெறும் வளவில் படுத்திருக்கிற நாயைக் காலையிலும் மாலையிலும் வாரில் கூட்டிக்கொண்டு நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம்.

(திரையில்: மதில் உச்சியில் சுழலும் பைப்.)

நாய் மதில் தாண்டுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான நாய்கள் ஒரே பாய்ச்சலில் தாண்டுவதில்லை. பாய்ந்து முன்னங்கால் இரண்டையும் உச்சி விளிம்பில் கொளுவி, பின்னங்காலால் சுவரை உதைத்து, உடம்பை மேலே இழுக்கும். அந்த ஒரு பிடிதான் எல்லாம். அந்தப் பிடி கிடைக்காமல் செய்ய, உச்சியில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் சின்ன பிவிசி பைப்பைக் கோர்த்து, அதற்கு மேலால் பெரிய பைப்பைப் போடுகிறார்கள். நாய் கால் வைத்தவுடன் வெளிப்பைப் உருளும். கிறீஸ் பூசிய மரத்தில் ஏறுகிறவர் மாதிரி, எவ்வளவு முயன்றாலும் வந்த இடத்துக்கே இறங்கவேண்டியதுதான்! காயமில்லை, வலியில்லை, உள்ளே நின்ற பக்கமே இறங்கி நிற்கும். அமெரிக்காவில் கொயோட்டி என்ற காட்டு விலங்கு வளவுக்குள் வராமல் தடுக்க இப்படி உருளைகளை விற்கிறார்கள், வளர்ப்பு நாய் வெளியே போகாமலும் அதே உருளை தடுக்கிறது. நமக்கு அதை வாங்கத் தேவையில்லை, பைப்பும் கம்பியும் எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும். ஒன்று மட்டும், மதிலைத் தொடாமலே பாய்ந்து போகிற நாய்க்கு இது உதவாது. பக்கத்தில் ஏறி நிற்க விறகுக் குவியலோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அப்புறம், அந்தப் போத்தல் துண்டுகளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பாதத்தையும் வயிற்றையும் கிழித்துக்கொண்டு வந்த நாயைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கெஞ்சுகிறேன் என்று விளங்கும்.

கிடுகு வேலி, பனையோலை வேலி உள்ளவர்களுக்குப் பிரச்சினை கீழே. அடியைக் கறையான் அரிக்கும், சின்னப் பொட்டு விழும், நாய் தலையை விட்டுப் பெரிசாக்கும். அதில் முள்ளுத்தடியைச் செருகாதீர்கள், கண்ணில் குத்தும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வேலியடியில் கட்டி, மிச்சம் இரண்டடியை உள்பக்கம் நிலத்தில் மடித்து விரித்து, மேலே சுண்ணாம்புக்கல் அடுக்குங்கள். நாய் எப்போதும் வேலி ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும், அங்கே வலை இருந்தால் விட்டுவிடும். வலையின் கூரான முனைகளை மடக்கிவிட மறக்கவேண்டாம். கிடுகு வேலியில் எனக்குப் பிடித்த நன்மை ஒன்று உண்டு: ஒழுங்கையில் போகிற சைக்கிளும் ஆடும் கண்ணில் படாது, கண்ணில் படாததைத் துரத்த நாய்க்கு ஆசை வராது. கம்பி வேலிக்காரர் உள்பக்கம் கிடுகு கட்டிப் பாருங்கள்.

இனி எல்லோரும் கேட்கிற மின்சார வேலி. வெளிநாடுகளில் நிலத்துக்குள் வயர் புதைத்து, நாயின் கழுத்துப் பட்டியில் ஒரு கருவி பூட்டுகிறார்கள். எல்லைக்குக் கிட்டப் போனால் பீப் சத்தம், இன்னும் போனால் கரண்ட் அடி. வேல்ஸ் நாட்டில் கரண்ட் அடிக்கும் பட்டியை 2010 இல் தடை செய்துவிட்டார்கள். இரக்கத்தை விடுங்கள், நம் ஊருக்கு இது பொருந்தவே பொருந்தாது. பூனையைத் துரத்துகிற வேகத்தில் நாய் அடியைத் தாங்கிக்கொண்டு வெளியே போய்விடும், ஆனால் திரும்பி வரும்போது அதே அடிக்குப் பயந்து வெளியிலேயே நிற்கும். தெரு நாய் கழுத்தில் பட்டி இல்லை, அது ஒரு தடையும் இல்லாமல் உள்ளே வந்து உங்கள் நாயைக் கடிக்கும். எனவே வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயம். வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது நாயையும் கொல்லும், பந்து எடுக்க வருகிற பிள்ளையையும் கொல்லும்.

சங்கிலியா? நாள் முழுக்கக் கட்டிய நாய்க்கு ஆத்திரம்தான் கூடும். வேலி திருத்தும்வரை வேறு வழியில்லை என்றால் இரண்டு மரத்துக்கு இடையில் கம்பி இழுத்து, அதில் வளையம் ஓடவிட்டு, நிழலும் தண்ணீரும் எட்டுகிற மாதிரிக் கட்டுங்கள். கழுத்து இறுகாமல் உடம்பு வார் போடுங்கள்.

கேற்றால் ஓடுகிற நாய்க்கு உள்ளே இன்னொரு சின்னப் படலை போதும், ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கவேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்தில் எந்த நாயும் எந்த வேலியையும் தாண்டும். அன்று வீட்டுக்குள் வையுங்கள், பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதிவிடுங்கள்.

உங்கள் நாய் எந்த வழியால் போகிறது என்று கீழே எழுதுங்கள். வேலியடிப் படமும் போட்டால் எங்கே வலை அடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.